அம்மாவும் கத்தரிக்காய் பார்மிஜானும்

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று கிலோ தக்காளிப்பழம் வாங்கி, விறகடுப்பில் மூன்றரை மணித்தியாலம் சட்டி வைத்து நான் ஒரு சமையல் செய்தேன். வாசம் ஒழுங்கை முழுக்கப் போயிருக்கவேண்டும். வீட்டில் விசேஷமா, வெளிநாட்டிலிருந்து ஆராவது வருகினமா என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாலு பேர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்கு நான் சொன்னது பாதிக் கதைதான், முழுதையும் இங்கே எழுதுகிறேன்.

கதை தொடங்கியது நியூயோர்க்கின் புரூக்ளினில். போன வருடம் அண்ணாவின் மகளுடைய சாமத்தியவீட்டுக்கு அம்மாவும் நானும் அமெரிக்கா போயிருந்தோம். விசா எடுத்தது தனிக் கதை, அது இப்போது வேண்டாம். அண்ணா நியூ ஜேர்சியில் இருக்கிறார், ஊரை விட்டுப் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது. மச்சாள் புட்டு, இடியப்பம், கணவாய்க் கறி என்று கிளிநொச்சியில் நாங்கள் சாப்பிடுவதை விட நன்றாகவே எங்களைப் பார்த்தார். சடங்கு முடிந்த அடுத்த ஞாயிறு அண்ணா, "வெளிக்கிடுங்கோ, ஒரு கடைக்குப் போவம்" என்றார். இத்தாலிக்காரரின் பழைய சாப்பாட்டுக் கடையாம். அம்மாவுக்கு விருப்பமே இல்லை. மாட்டிறைச்சி அவர் தொடமாட்டார். "அங்க எனக்கு என்ன கிடக்கு? நான் கொஞ்சம் சோறு கட்டிக்கொண்டு வாறன்" என்று அடுக்களைக்குள் போகப் பார்த்தார்.

அண்ணா அப்போதுதான் சொன்னார். போன புதிதில் அவர் ஒரு களஞ்சியசாலையில் இரவு வேலை செய்திருக்கிறார். கூட வேலை செய்த வயதான ஒருவர் இத்தாலி வழி வந்தவர். இந்தப் பெடியன் ஒவ்வொரு நாளும் பாணும் பருப்புமாகவே சாப்பிடுகிறான் என்று பார்த்துவிட்டு, முதல் குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு தன் குடும்பத்தோடு கூட்டிக்கொண்டு போனது இந்தக் கடைக்குத்தானாம். "நான் அந்த நாட்டில வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் இடம் அம்மா அது." அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் பேசவில்லை, சேலை மாற்றப் போய்விட்டார்.

உள்ளே போனால் வெளிச்சம் குறைவு. தாழ்ந்த கூரை, கை பட்டுப் பட்டு மினுங்கும் கறுத்த மரச்சுவர், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட மேசைவிரிப்பு. வைக்கோல் பின்னிய பழைய வைன் போத்தல் வாயில் மெழுகுதிரி குத்தி வைத்திருந்தார்கள், ஒழுகின மெழுகு போத்தலின் கழுத்தில் தடித்துப்போய் இருந்தது. ஒரு சுவர் முழுக்க நேப்பிள்ஸ் கடலும் வெசூவியஸ் எரிமலையும் கீறியிருந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு வெள்ளைக் கலியாணப் படங்கள், முதல் நன்மைப் படங்கள், கடை வாசலில் ஏப்ரனோடு நிற்கும் மீசைக்காரர் ஒருவர். எங்கள் வீட்டில் 2008 க்கு முந்திய படம் ஒன்றுகூட இல்லை. ஓடின ஓட்டத்தில் எந்த இடத்தில் அந்த அல்பம் போட்ட பை விடுபட்டது என்று அம்மாவுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. சாப்பாடு வரும்வரை நான் அந்தச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நியூயோர்க்கில் இப்படிப்பட்ட கடைகள் இன்னும் சில இருக்கின்றன. கிழக்கு ஹார்லெமில் ராவோஸ் 1896 இலிருந்து இருக்கிறது, புரூக்ளினில் பமோன்டீஸ் 1900, மன்ஹாட்டனில் பன்னிரண்டாம் தெருவில் ஜோன்ஸ் 1908. தக்காளிக் குழம்பு இல்லாத கோப்பை அரிது என்பதால் இவற்றை அங்கே ரெட் சோஸ் கடைகள் என்கிறார்கள். நாங்கள் போனது அவ்வளவு பெயர் போன கடை அல்ல, ஆனால் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது.

கேட்காமலே பாண் வந்தது. கறுப்புக் கோட்டும் போ டையும் கட்டின, எழுபது வயது தாண்டியிருக்கக்கூடிய பரிமாறுபவர் அண்ணாவின் தோளில் தட்டிவிட்டு அம்மாவுக்கு முதலில் கதிரையை இழுத்துக் கொடுத்தார். உள்ளியும் பாண்தூளும் போட்டுச் சூளையில் வைத்த மட்டி, பொரித்த கணவாய், ஸ்பகெட்டியும் இறைச்சி உருண்டையும், எனக்குக் கோழி பார்மிஜான், அம்மாவுக்குக் கத்தரிக்காய் பார்மிஜான். ஒவ்வொன்றும் நாலு பேர் சாப்பிடக்கூடிய அளவு. இறைச்சி உருண்டை ஒவ்வொன்றும் மூடின கை அளவு இருந்தது. அம்மா மேசையைப் பார்த்துவிட்டு மெதுவாக, "இவ்வளவும் எங்களுக்கோ தம்பி?" என்று கேட்டார்.

அம்மாவின் கோப்பையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கத்தரிக்காயை நீட்டுவாக்கில் மெல்லிசாகச் சீவி, மாவும் முட்டையும் தோய்த்துப் பொரித்து, ஒரு அடுக்கு கத்தரிக்காய், ஒரு அடுக்கு தக்காளிக் குழம்பு, ஒரு அடுக்கு சீஸ் என்று மாறி மாறி வைத்துச் சூளையில் வேகவிட்டிருக்கிறார்கள். ஓரத்தில் சீஸ் கருகி மண்ணிறமாகப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா முள்ளுக்கரண்டியால் அடுக்கு அடுக்காகத் தூக்கிப் பார்த்தார், பிறகு கரண்டியை வைத்துவிட்டு ஒரு துண்டைக் கையால் எடுத்து வாயில் போட்டார். "இது எங்கட பொரிச்ச குழம்புதானே. பொரிச்சுப்போட்டுப் புளியில விட்டிருக்கினம். பாலுக்குப் பதிலா சீஸ். அவ்வளவுதான்." மேசையில் இருந்த செத்தல் மிளகாய்த் தூள் போத்தலை எடுத்து நன்றாகத் தூவிக்கொண்டார். தெற்கு இத்தாலியில் கலாப்ரியாப் பக்கத்து ஆட்களும் உறைப்பு இல்லாமல் சாப்பிடமாட்டார்களாம். தக்காளியும் மிளகாயும் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி, ஒன்று இத்தாலிக்காரனுடைய சாப்பாடாகவும் மற்றது எங்களுடைய சாப்பாடாகவும் மாறினவை, இங்கே ஒரே மேசையில் இருந்தன.

அண்ணாவின் மகன், பதினேழு வயது, இதெல்லாம் உண்மையான இத்தாலிச் சாப்பாடு இல்லை என்றான். அது சரிதான். இத்தாலியில் ஸ்பகெட்டிக்கு மேல் இவ்வளவு பெரிய இறைச்சி உருண்டை வைத்துப் பரிமாறும் வழக்கம் இல்லை, உருண்டையைச் சின்னதாகச் செய்து தனியாகச் சாப்பிடுவார்கள். கோழி பார்மிஜானும் அமெரிக்காவில் வந்ததுதான், இத்தாலியில் இருந்தது கத்தரிக்காய். அப்படிப் பார்த்தால் அந்த மேசையில் மூத்த சாப்பாடு அம்மாவின் கோப்பையில் இருந்தது. ஆனால் "உண்மையானது இல்லை" என்று சொல்லி இதைத் தள்ளிவைப்பதை என்னால் ஏற்கமுடியவில்லை. அன்றைக்கு மருமகனுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை, ஊருக்கு வந்தபிறகு வாசித்து வாசித்துத்தான் எனக்கு விளங்கியது.

1880 க்கும் 1924 க்கும் இடையில் ஏறக்குறைய 40 இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குப் போயிருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் தெற்கு ஆட்கள், நேப்பிள்ஸ் பக்கம், கலாப்ரியா, சிசிலி. சொந்தக் காணி இல்லாமல் ஆர் ஆருடைய வயலிலோ கூலிக்கு நின்றவர்கள். இறைச்சி அவர்கள் வீட்டில் பெருநாளைக்குத்தான். இருக்கிற கொஞ்ச இறைச்சியில் பழைய பாணை ஊறவைத்துப் பிசைந்து உருட்டினால்தான் எல்லாருக்கும் ஒவ்வொன்று கிடைக்கும், உருண்டைக்குள் பாண் வந்தது அப்படித்தான். நியூயோர்க்கில் வந்து தெருக் கிண்டினார்கள், சுரங்க ரயில் பாதை வெட்டினார்கள், பெண்கள் தையல் ஆலைகளில் இருந்தார்கள். கூலி பெரிதில்லை, ஆனால் ஊரோடு பார்க்க இறைச்சி மலிவு. அந்தக் கையில் காசு வந்ததும் உருண்டை பெருத்தது. சீஸ் கூடியது. கத்தரிக்காய் இருந்த இடத்தில் கோழி வந்தது. ஊரில் தாய் ஆசைப்பட்டுச் சமைக்க முடியாமல் போனதை இங்கே மகள் ஒவ்வொரு ஞாயிறும் சமைத்திருக்கிறாள். 1924 இல் ஒரு சட்டம் போட்டு இத்தாலியிலிருந்து வருடத்துக்கு 4,000 பேருக்கும் குறைவாகத்தான் உள்ளே எடுப்போம் என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஊரிலிருந்து புது ஆட்கள் வருவது அநேகமாக நின்றபிறகு, உள்ளே இருந்தவர்களின் சமையல் தன்பாட்டில் ஒரு வழியில் வளர்ந்தது.

பேச்சும் அப்படித்தான். அந்தப் பரிமாறுபவர் கணவாயைக் "கலமாரி" என்று சொல்லவில்லை, "கலமாட்" என்றார். மொஸரெல்லா சீஸை "முட்ஸதேல்" என்றார். கடைசி உயிரெழுத்தை விழுங்கிவிடும் அந்த உச்சரிப்பு தெற்கு இத்தாலிக் கிராமத்துப் பேச்சு. இத்தாலியிலேயே இன்றைய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்த இத்தாலியன்தான் கூடுதலாகப் பேசுகிறார்கள், புரூக்ளினில் கப்பல் ஏறின அன்றைய சொல் அப்படியே நிற்கிறது. அண்ணாவின் பிள்ளைகள் பேசும் தமிழைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இது உடனே பிடிபட்டது. இங்கே எங்கள் பெடியள் "சேர்" என்று சொல்ல, அந்தப் பிள்ளைகள் "கதிரை" என்கிறார்கள்.

சரி, மேசைக்கு வருகிறேன். அண்ணா ஒரு உருண்டையை இரண்டாக வெட்டினார், உள்ளே இளஞ்சிவப்பாக, பாண் கலந்த மென்மையோடு ஆவி வந்தது. சாப்பிடாமல் அதைப் பார்த்துக்கொண்டே, "2009 முழுக்க நான் இந்தக் கடைக்கு வரேல்ல அம்மா" என்றார். "அந்த மனிசன் ரெண்டு தரம் வந்து கூப்பிட்டவர். என்னால ஏலாமப் போச்சு."

அந்த வருடம் சித்திரையில் நாங்கள் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். அரிசி, தண்ணீர், உப்பு. சில நாள் அதில் கொஞ்சம் தேங்காய்ப்பால் இருந்தது. ஒவ்வொரு வருடமும் மே மாதம் இங்கே அதே கஞ்சியைக் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றித் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிறோம், பிள்ளைகளுக்கும் ஒரு வாய் கொடுக்கிறோம், உப்பு மட்டும்தான் தெரியும் அந்த ருசியை அவர்கள் அறியவேண்டும் என்று. நாங்கள் பட்ட பசியை நாங்கள் அப்படியே காய்ச்சி வைத்திருக்கிறோம். இந்த இத்தாலிக்காரர் தங்கள் பசியை மறக்காமல் உருண்டையைப் பெருக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். இரண்டும் எனக்கு மரியாதைக்குரியதாகத்தான் படுகிறது. ஆனால் அந்தக் கோப்பையைப் பார்த்து இது மிதமிஞ்சிய சாப்பாடு, ருசியில்லாத தடிப்பு என்று எழுதுகிற ஆட்களை வாசித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா அண்ணாவுக்குப் பதில் சொல்லவில்லை. தன் கோப்பையிலிருந்து கத்தரிக்காய்த் துண்டு ஒன்றை, சீஸ் நூலாக இழுபட இழுபட எடுத்து, அவருடைய கோப்பையில் வைத்தார். பிறகு இன்னொன்று. "சாப்பிடு" என்றார். அண்ணா சாப்பிட்டார்.

மிச்சம் நிறைய இருந்தது. பரிமாறுபவர் அம்மாவின் கோப்பையைப் பார்த்துச் சாப்பாடு பிடிக்கவில்லையோ என்று முகம் வாடிப்போய்க் கேட்டார், நன்றாகப் பிடித்தது என்று அண்ணா சொன்னதும் வெள்ளித் தாள் தட்டுகளில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் கேட்காத ஒரு முழுப் பாணும் அதற்குள் இருந்தது.

இனி போன ஞாயிறு. இந்தக் குழம்பை இத்தாலி அமெரிக்கக் குடும்பங்கள் சில சோஸ் என்றும் சில கிரேவி என்றும் சொல்லிச் சண்டை பிடிப்பார்களாம், எனக்கு அது குழம்புதான். முதலில் நிறைய உள்ளி, தணல் மட்டும் நெருப்பு, அடிப்பிடிக்காமல் அகப்பையால் கிண்டிக்கொண்டே இருக்கவேண்டும். எங்கள் தக்காளி புளிப்புக் கூட, ஒரு கரட்டைத் துருவிப் போட்டால் அடங்குகிறது. குழம்புக்குப் போடும் பேசில் இலைக்கு வேறு எங்கும் போகத் தேவையில்லை, சர்பத்துக்குப் போடும் கறுத்தக் கசகசாவை மண்ணில் தூவிவிட்டால் முளைப்பது அந்தக் குடும்பத்துச் செடிதான், வாசம் கொஞ்சம் காரம், அவ்வளவே. கொத்தின ஆட்டிறைச்சியோடு முதல் நாள் பாணைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து சேர்த்தேன். நான் எலுமிச்சங்காய் அளவில் உருட்டத் தொடங்க, அம்மா பக்கத்தில் வந்து குந்தி, என் கையிலிருந்ததை வாங்கி, இரண்டை ஒன்றாகச் சேர்த்து உருட்டினார். பொரித்துக் குழம்புக்குள் விட்டுக் கடைசி ஒன்றரை மணித்தியாலம் வேகவைத்தோம். ஸ்பகெட்டி பைக்கற் இருந்தும் அம்மா இடியப்பம்தான் அவித்தார். நன்றாகவே பொருந்தியது, குழம்பை இடியப்பம் இன்னும் கூடக் குடிக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு வீட்டுக்கும் கோப்பை போனது.

பின்னேரம் ஏழு மணிக்கு அண்ணா வீடியோவில் வந்தார், அங்கே ஞாயிறு காலை. சட்டியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். "உருண்டை என்ன அளவு?" என்று கேட்டார். அம்மா போனுக்கு முன்னால் வந்து கையை மூடிக் காட்டினார்.

"இந்தளவு," என்றார். "நாளைக்கும் கிடக்கு."