இழுக்கறது 10,000 பவுண்ட், தாங்கறது 1,478 பவுண்ட்: எங்க டிரக்குக்கு டிரெய்லர் பார்த்த கதை

நாங்க இருக்கறது டெக்சஸ்ல, டல்லாஸ் பக்கம். வீட்ல நான், மனைவி, ரெண்டு பசங்க, அப்புறம் ஜனவரில ஊர்ல இருந்து வந்திருந்த அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, டென்ட்ல படுத்து எந்திரிக்க முடியாது, வெளிச் சாப்பாடும் ஒத்துக்காது. அதனால பசங்களோட ஸ்பிரிங் பிரேக் லீவுக்கு முன்னாடி ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கிட்டா கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் கூடவே வந்துடும், அம்மாவையும் நாலு இடம் கூட்டிட்டுப் போகலாம்னு முடிவு பண்ணோம்.

டிரக் ஏற்கனவே இருந்துச்சு. யூஸ்டுல வாங்கின ஃபோர்டு எஃப்-150, நாலு கதவு, 4x4, லெதர் சீட், பெரிய சன்ரூஃப் எல்லாம் வச்ச மாடல். டோயிங் கைடுல (எந்த டிரக் எவ்வளவு எடை இழுக்கும்னு கம்பெனி போடற பட்டியல்) நம்ம இன்ஜினுக்கு பத்தாயிரம் பவுண்டுக்கு மேல போட்டிருந்துச்சு. அந்த ஒரு நம்பர மட்டும் மனசுல வச்சுக்கிட்டு ஒரு டீலர் கிட்ட போனேன். அங்க 30 அடி நீளத்துல பசங்களுக்குத் தனியா பங்க் பெட் (அடுக்குக் கட்டில்) வச்ச டிரெய்லர் ஒண்ணு காட்டினாங்க, காலி எடை 6,200, முழு லோடோட அதிகபட்சம் 7,600. "உங்க டிரக் பத்தாயிரம் இழுக்கும், இது ஏழாயிரத்து அறுநூறு தான், தாராளமா போகலாம், ஹாஃப் டன் டிரக்குக்குன்னே, அதாவது எஃப்-150 மாதிரி வண்டிக்குன்னே செஞ்சது"ன்னு சேல்ஸ்மேன் சொன்னாரு. பசங்க அதுக்குள்ள மேல் பங்க்ல ஏறிப் படுத்தாச்சு. அட்வான்ஸ் கட்டலாம்னு கார்டை கையில எடுத்துட்டேன்.

அம்மா தான் கேட்டாங்க, "இத்தன பெருசா இருக்குதே கண்ணு, எடை போட்டுப் பாத்தியா?"ன்னு. எங்க ஊரு நாமக்கல், அப்பா ரொம்ப வருஷம் லாரி ஓட்டினவரு, வீட்ல எம்ட்டி எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு எடைமேடை சீட்டு எல்லாத்தையும் கணக்கு நோட்டுல ஒட்டி வச்சது அம்மா தான். "வண்டி இழுத்துரும் சாமி, அச்சு தாங்கோணுமல்லோ"ன்னாங்க. எனக்கு அது சுருக்குன்னு பட்டுச்சு, ஏன்னா இழுக்கற நம்பர் தவிர வேற எதையுமே நான் பாக்கல. ரெண்டு நாள் டைம் கேட்டுட்டு வந்துட்டோம்.

பார்க்கிங்லயே டிரைவர் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு மூடற தூண்ல வெள்ளையும் மஞ்சளுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் பிரஷர் பார்க்கறதுக்கு எல்லாரும் பார்த்திருப்பீங்க. அதுலயே ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகவே கூடாதுன்னு ஒரு வரி இருக்கு. எங்க டிரக்ல அது 1,478. இந்த நம்பர் மாடலுக்குப் பொதுவானது இல்லைங்க, ஃபேக்டரில இருந்து வந்த அந்த ஒரு வண்டிக்கு மட்டும் உள்ளது, அதனால அதே வருஷ அதே எஃப்-150 பக்கத்து வீட்ல நின்னாலும் நம்பர் வேறயா இருக்கலாம். சன்ரூஃப், லெதர் சீட், பெரிய வீல்னு ஒவ்வொண்ணும் வண்டியோட சொந்த எடையை ஏத்தி இந்த நம்பர குறைச்சுக்கிட்டே வரும். வசதி கம்மியான பேஸ் மாடல் டிரக் பல நேரம் எங்க வண்டிய விட கூட தாங்கறதுக்கு இது தான் காரணம்.

இதுல டிரெய்லர் எங்க வருதுன்னா, டிரெய்லரோட முழு எடையும் அதோட சொந்த சக்கரத்து மேல நிக்காது. முன்பக்கம் 10ல இருந்து 15 சதவீதம் டிரக்கோட ஹிட்ச் (பின்னாடி டிரெய்லர் மாட்டற அமைப்பு) மேல உக்காரும், இதத்தான் டங் வெயிட்ன்னு சொல்றாங்க. அதைக் குறைச்சுக்கலாமான்னா கூடாது, டிரெய்லர் மூக்குல எடை கம்மியாச்சுன்னா ரோட்ல வால் ஆட ஆரம்பிச்சுடும், அந்த ஆட்டம் பெருசானா டிரக்கையும் சேர்த்துப் புரட்டிப் போட்டுடும். அப்போ டங் வெயிட்டுங்கறது டிரக்ல ஏத்தற ஒரு மூட்டை மாதிரி, அந்த 1,478க்குள்ளயே தான் அதுவும் அடங்கணும்.

சரி, அப்போ கைடுல போட்ட பத்தாயிரம் பொய்யான்னா, இல்ல. எஸ்ஏஇங்கற வண்டி இன்ஜினியர்கள் சங்கத்தோட ஜே2807ன்னு ஒரு டெஸ்ட் முறை இருக்கு, 2011 மாடல்ல டொயோட்டா முதல்ல எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் மத்த கம்பெனிகளும் வந்தாங்க. அரிசோனால டேவிஸ் டேம் ஏத்தத்துல ஏசி போட்டுக்கிட்டு எவ்வளவு வேகத்துல ஏறுதுங்கறது வரைக்கும் அந்த முறைல இருக்கு, நல்ல கண்டிப்பான டெஸ்ட் தான். ஆனா அதுல டிரக்குக்குள்ள உக்காந்திருக்கறதா கணக்கு வைக்கிறது டிரைவரும் கூட ஒருத்தரும், ஆளுக்கு 150 பவுண்ட், அவ்வளவு தான். அஞ்சு பேரு, ஜெனரேட்டரு, கிரில்லு, அரிசி மூட்டை எதுவும் கிடையாது. குடும்பத்தோட போறவங்களுக்கு அந்த பத்தாயிரம் கைக்கு வரவே வராது.

அன்னைக்கு ராத்திரி குளிக்கற ரூம்ல இருந்த எடை மெஷினை ஹாலுக்கு எடுத்துட்டு வந்து எல்லாரையும் நிக்க வச்சேன். நான் 185, மனைவி 140, பெரியவன் 95, சின்னவ 60, அம்மா 135. மொத்தம் 615. டிரக் பின்னாடி சாமான் வைக்கற பெட் மேல போட்ட கவர் 60. பின்னாடி வழக்கமா போடற சாமான், கூலர், கிரில், ஜெனரேட்டர், டூல் பாக்ஸ், விறகு எல்லாம் ஒவ்வொண்ணா தூக்கி நிறுத்து 200. டிரெய்லர் எடைய முன் சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்க வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்னு ஒண்ணு போடணும், அதுவே 90. எல்லாம் கழிச்சா 1,478ல மிச்சம் 513. இது டங் வெயிட்டுக்கு மட்டும் இருக்கற இடம். 13 சதவீதம்னு வச்சா லோடு ஏத்தின டிரெய்லர் 3,950 பவுண்டுக்குள்ள இருக்கணும். அந்த 7,600 பவுண்ட் டிரெய்லருக்கு டங் வெயிட்டே 988 வரும். 475 பவுண்ட் ஓவர்லோடு! பத்தாயிரம் இழுக்கற வண்டிக்கு நாலாயிரம் தான்னு காகிதத்துல பார்த்தப்போ மனைவிக்கு நம்பிக்கையே வரல, "ஏங்க, எங்கயோ ஒரு சைபர் விட்டுட்டீங்க"ன்னு அவளே கால்குலேட்டர் எடுத்து மறுபடி போட்டா. அதே தான் வந்துச்சு.

பலர் கைடுல போட்ட நம்பர்ல 80 சதவீதம் தான் இழுக்கணும்னு ஒரு விதி சொல்வாங்க. என்னைக் கேட்டா குடும்பத்துக்காரங்களுக்கு அது உதவாது, 80 சதவீதத்துக்கு ரொம்ப முன்னாடியே பேலோட், அதாவது கதவு ஸ்டிக்கர்ல இருக்கற அந்த தாங்கற எடை, தீர்ந்து போயிடும்.

அப்புறம் தான் எதை எங்க வைக்கறதுன்னு யோசிச்சோம். பெட் கவரைக் கழட்டிட்டோம், கிரில், ஜெனரேட்டர், கூலர் எல்லாத்தையும் டிரெய்லருக்குள்ள அச்சுக்கு நேர் மேல வைக்கறதுன்னு ஆச்சு, விறகு போற இடத்துல வாங்கிக்கலாம். டிரக்ல சின்னச் சின்ன சாமான் ஒரு 40 பவுண்ட் தான். இப்போ 1,478ல ஆளுங்க 615, ஹிட்ச் 90, சாமான் 40 போக 733 மிச்சம். டங் வெயிட்ட மோசமான பக்கமா 15 சதவீதம்னே வச்சாலும் 4,880 வரைக்கும் போகலாம். சாமானை டிரெய்லருக்கு மாத்தினா அந்த எடை அங்க ஏறும், அதனால டிரெய்லரோட காலி எடையைப் பார்க்காம அதிகபட்ச எடையையே எடுத்துக்கிட்டேன், அது 4,800க்கு மேல இருந்தா அந்த டிரெய்லர் பக்கமே போறதில்லைன்னு கோடு போட்டாச்சு.

காலி எடைய நம்பாதீங்கன்னு இங்க அழுத்திச் சொல்லணும். பிரோஷர்ல போடற எடைல பெரும்பாலும் பேட்டரி இருக்காது, கேஸ் இருக்காது, தண்ணி இருக்காது, டீலர் போடற எக்ஸ்ட்ராவும் இருக்காது. 20 பவுண்ட் சிலிண்டர்னு சொல்றது நிரப்பினா 37 பவுண்ட் வரும், அது ரெண்டு, கூட ஒரு பேட்டரி 50 பவுண்டுக்கு மேல, இது மூணும் உக்கார்றது டிரெய்லரோட மூக்கு மேலயே, அதனால பிரோஷர்ல போட்ட டங் வெயிட்டும் தப்பாத் தான் இருக்கும். தண்ணி ஒரு கேலன் 8.3 பவுண்ட், 40 கேலன் டேங்க் நிரப்பினா 330 பவுண்டுக்கு மேல, அந்த டேங்க் அச்சுக்கு முன்னாடி இருக்கா பின்னாடி இருக்காங்கறத பொறுத்து மூக்கு எடை கூடும் குறையும். நாங்க வழிக்கு மட்டும் பத்து கேலன் வச்சுக்கறோம், மீதிய கேம்ப்ல பிடிச்சுக்கறது.

நாலு வாரம் தேடி 22 அடி டிரெய்லர் ஒண்ணு கிடைச்சுச்சு. காலி 3,700, அதிகபட்சம் 4,800. தனி பங்க் ரூம் இல்ல, டைனிங் டேபிளை மடக்கினா பசங்களுக்குப் படுக்கை. முதல் டீலர் கிட்ட வேண்டாம்னு சொன்னப்போ அங்க "எல்லாரும் இதைத் தான் இழுக்கறாங்க"ன்னு சொன்னாங்க. ரோட்ல பார்த்தா உண்மை தான், பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் மரத்தைப் பார்த்துக்கிட்டு போற டிரக் எத்தனையோ. மூக்கு தூக்குதுன்னா முன் டயர்ல எடை குறைஞ்சு போச்சுன்னு அர்த்தம், ஸ்டீரிங்கும் பிரேக்கோட பெரும் பங்கும் அந்த டயர்ல தானே இருக்கு. அதுக்குள்ள குழந்தைங்க உக்காந்திருப்பாங்களேன்னு எனக்கு இப்பவும் பதறும்.

இன்னொரு லேபிள் ஹிட்ச்லயே பம்பருக்கு அடில இருக்கு, குனிஞ்சு பார்க்கணும். ஹிட்ச்ல இருக்கற இரும்பு உருண்டைல (பால்) மட்டும் மாட்டினா 5,000 பவுண்ட், டங் 500 வரைக்கும் தான்னும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் போட்டா அதை விட ரொம்ப அதிகம்னும் எங்கதுல இருந்துச்சு. எங்க டங் வெயிட் 500ஐத் தாண்டறதால அந்த 90 பவுண்ட் ஹிட்ச் கட்டாயம் ஆயிடுச்சு. டிரெய்லர் பிரேக்க டிரக்ல இருந்தே இயக்கற பிரேக் கன்ட்ரோலர் எங்க டிரக்ல டேஷ்போர்டுலயே இருந்ததால ஏழு பின் வயர் சொருகினதோட முடிஞ்சது.

கணக்கு காகிதத்துல சரி, நிஜத்துல என்னன்னு பார்க்க ஹைவேல டிரக் ஸ்டாப்ல இருக்கற கேட் ஸ்கேலுக்குப் போனோம், பெரிய லாரிங்க எடை போடற அதே மேடை. டிரக்கோட எரிபொருள் டேங்க் ஃபுல், எல்லாரும் உள்ள, சாமான் எல்லாம் ஏத்தி, ஸ்பிரிங் பிரேக்குக்கு எப்படிப் போவோமோ அப்படியே. முதல்ல அந்த 90 பவுண்ட் ஹிட்ச்சோட ஸ்பிரிங் பார் (எடைய முன்னாடி தள்ளற கம்பி) மாட்டி ஒரு தடவை, பாரைக் கழட்டி ஒரு தடவை, டிரெய்லரை ஓரமா நிறுத்திட்டு டிரக் மட்டும் ஒரு தடவை. அதே நாள்ல மறு எடைக்கு கொஞ்சம் தான் வாங்கறாங்க. டிரக் மட்டும் முன் அச்சு 3,420, பின் அச்சு 2,840. பார் இல்லாம டிரெய்லர் மாட்டினா முன் 3,180, பின் 3,680, டிரெய்லர் அச்சு 3,920. டிரக் மேல கூடினது 600, அது தான் நிஜமான டங் வெயிட். டிரெய்லர் மொத்தம் 4,520, 13 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. பார் மாட்டினதும் முன் 3,340, பின் 3,420, டிரெய்லர் 4,020ன்னு ஆச்சு. முன் அச்சுல போன 240ல 160 திரும்பி வந்துடுச்சு. டிரக் மொத்தம் 6,760, கதவு ஸ்டிக்கர்ல அதிகபட்சம் 7,000, பின் அச்சுக்கு 3,800, ரெண்டுலயும் இடம் இருக்கு. அம்மா மூணு சீட்டையும் வாங்கி வரிசையா பார்த்துட்டு, "முன் அச்சு, பின் அச்சுன்னு தனித்தனியா போட்டுக் குடுக்கறாங்களே, உங்கப்பா காலத்துல மொத்தமா ஒரே நம்பர் தான்"ன்னு சொல்லி மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டாங்க.

ஸ்கேலுக்குப் போக முடியாதவங்க டேப் வச்சாவது அளங்க. முன் சக்கரத்துக்கு மேல ஃபெண்டர் வரைக்கும் தரைல இருந்து எங்களுக்கு 37.5 இன்ச், மாட்டினதும் 38.25, பார் போட்டதும் 37.75. எவ்வளவு திரும்பி வரணும்னு டிரக் மேனுவல்ல இருக்கு, அதுக்கு மேல இறுக்கக் கூடாது.

மார்ச்ல பாலோ டூரோ கேன்யன் போனோம். 287 ஹைவேல அமரில்லோ பக்கம் போகப் போக பக்கவாட்டுக் காத்து பயங்கரம், ஒவ்வொரு பெரிய லாரி தாண்டும்போதும் டிரெய்லர முதல்ல தள்ளி அப்புறம் இழுக்கும். டிரெய்லருக்குன்னே செய்யற எஸ்டி டயர் பலது 65 மைலுக்கு மேல ஓட்டக்கூடாதது, நான் 60லயே போனேன். ஒரு தடவை வால் ரெண்டு ஆட்டம் ஆடுச்சு. டிரக் பிரேக்க மிதிக்காம, ஸ்டீரிங்க நேரா பிடிச்சுக்கிட்டு, ஆக்ஸிலேட்டர விட்டு, கன்ட்ரோலர்ல கையால டிரெய்லர் பிரேக்க மட்டும் மெதுவா அழுத்தினேன், அடங்கிடுச்சு. கேன்யனுக்குள்ள இறங்கற ரோடு 10 சதவீத சரிவு, டிரெய்லர் இழுக்கறதுக்குன்னு டிரக்ல இருக்கற டோ ஹால் மோட்ல கியரைக் குறைச்சு வச்சு இறங்கினேன், அம்மா பின் சீட்ல கம்பிய பிடிச்சுக்கிட்டு ஒரு வார்த்தை பேசல. கீழ போய் நிறுத்தி வீல்ல கை வச்சுப் பார்த்தேன், லேசான சூடு தான். அம்மா நேரா உள்ள போய் அடுப்பைப் பத்த வச்சு ரசத்துக்குப் புளி கரைக்க ஆரம்பிச்சாங்க.

இப்போ ஹூஸ்டன்ல இருக்கற மச்சானும் டிரெய்லர் பார்க்கறாரு, 28 அடி ஒண்ணு பிடிச்சுப் போச்சாம். கதவு ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், 1,190ன்னு வந்திருக்கு, வீட்ல நாலு பேரு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்னு சொல்லிருக்கேன், எல்லாரையும் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லிருக்கேன், அன்னைக்கு வீடியோ கால்ல உக்காந்து போடறோம்.