‘ஹவுண்ட் டாக்’ யாருடைய பாடல்? ஆவணங்களின் வழியே ஒரு தேடல்

எல்விஸ் பிரெஸ்லி 1956இல் பாடிப் புகழ்பெற்ற ‘ஹவுண்ட் டாக்’ (வேட்டைநாய்) பாடலை அவருக்கு முன்பே பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்பினப் பாடகி பாடியிருந்தார் என்பது ரிதம் அண்ட் புளூஸ் (ஆர் அண்ட் பி) எனும் அமெரிக்கக் கறுப்பின இசையின் ரசிகர்களுக்குத் தெரிந்ததுதான். அதை இயற்றியவர் யார் என்பதில் ஆளுக்கொரு கதை உலவியதால், ஆவணங்களைக் கொண்டே விடை காண முயன்றேன்.

தார்ன்டனின் ஒலிப்பதிவு விவரங்கள் எளிதில் கிடைத்தன: 1952 ஆகஸ்ட் 13, லாஸ் ஏஞ்சலிஸ். ஹூஸ்டனில் டான் ரோபி நடத்திய பீகாக் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டு, 1953இல் பில்போர்டு இசை இதழின் ஆர் அண்ட் பி பட்டியலில் ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

பதிப்புரிமைப் பதிவுக்கு வந்தபோதுதான் திகைத்தேன். 1952 செப்டம்பர் 9ஆம் தேதி விண்ணப்பத்தில், பாடலைச் சுமார் கால் மணி நேரத்தில் எழுதியதாகச் சொன்ன ஜெரி லீபர், மைக் ஸ்டோலர் ஆகிய பத்தொன்பது வயது இளைஞர்களின் பெயர்கள் இல்லை. ரோபியும் வில்லி மே தார்ன்டனும், அதாவது பிக் மாமாவும், இயற்றியவர்களாகக் குறிக்கப்பட்டிருந்தனர். அவ்விளைஞர்களைப் பாடகியிடம் அழைத்துச் சென்று, ஒலிப்பதிவில் டிரம்ஸும் வாசித்த இசைக்குழுத் தலைவர் ஜானி ஓட்டிஸ் தமக்கும் பங்குண்டு என்றார். எல்விஸின் பதிப்பு பெரும்பணம் ஈட்டிய பிறகு ஓட்டிஸ் தரப்பு தொடுத்த வழக்கை நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் 1957இல் தள்ளுபடி செய்தது. அத்தீர்ப்பைப் பொறுமையாக வாசித்தால், எஞ்சிய ஆவணங்கள் ஏன் முரண்படுகின்றன என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். நான் அதைக் கடைசியாகத்தான் வாசித்தேன்.

லீபரும் ஸ்டோலருமே இயற்றியவர்கள் எனச் சட்டப்படி விடை கிடைத்த பிறகும் இரு பதிப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். தார்ன்டனின் பாடலில், தன்னை அண்டிப் பிழைக்கும் ஆணை ஒரு பெண் வாசலோடு விரட்டுகிறாள். தார்ன்டனுடைய குரலின் உறுமலுக்கு ஈடுகொடுத்து பீட் லூயிஸின் கிதார் சீண்டுகிறது, இறுதியில் இசைக்குழுவினரே குரைக்கிறார்கள். லாஸ் வேகஸில் ஃபிரெடி பெல் குழுவினர் பாடிய மாற்றுவரிகளை எல்விஸ் எடுத்துக்கொண்டதால், அவர் பாடலில் அந்தப் பெண்ணும் இல்லை, அவள் கோபமும் இல்லை; முயல் பிடிக்கத் தெரியாத நாய்தான் எஞ்சியது. வரிகள் லீபருடையவை, மெட்டு ஸ்டோலருடையது என்பதை ஏற்கிறேன். ஆயினும் 1953இல் மக்கள் காசு கொடுத்து வாங்கியது தார்ன்டனின் குரலையே என்பது என் முடிவு. அதற்காகத் தமக்கு வந்தது 500 டாலர் காசோலை ஒன்றே என்று அவர் பிற்காலத்தில் கூறினார்.