பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது போதும்

முதலில் காதுதான் வலித்தது. வலது காதுக்குள் பஞ்சு வைத்து அடைத்ததுபோல ஓர் அடைப்பு, அதற்குள் மந்தமான குடைச்சல். சொட்டு மருந்துக்குக் கேட்கவில்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது சுத்தமா இருக்கு. எதுக்கும் பல்லைக் காட்டுங்க" என்றார். பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டு, பல்லிலும் ஒன்றுமில்லை என்றார். நான்தான் விடவில்லை. மேல்வரிசைக் கடைவாய்ப் பல்லில்தான் வலி என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். வேர் சிகிச்சை செய்துவிடுங்களேன் என்று நானே கேட்டேன். அவர் பல்லைத் தட்டிப் பார்த்தார், குளிர் வைத்துப் பார்த்தார், முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவர்மேல் கோபம். அந்தப் பல் இன்றும் என் வாயில் உயிரோடு இருப்பதற்கு அவருடைய பிடிவாதம்தான் காரணம்.

வாயைத் திறக்கும்போது வலப்பக்கம் 'டக்' என்று சொடக்கு விழுவது அதற்குப் பல வருடம் முன்பே இருந்தது. வலியில்லாத சத்தம் என்பதால் நான் பொருட்படுத்தியதில்லை. எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கே கேட்கும். வீட்டில் அது ஒரு கேலிப்பொருள். ஒருநாள் காலையில் சத்தம் நின்றிருந்தது. அப்பாடா, சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு பல் துலக்கப் போனால் பிரஷ் உள்ளே நுழையவில்லை. வாய் பாதியில் முட்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தால் தாடை வலப்பக்கமாகக் கோணிக்கொண்டிருந்தது. ஆறு வருடம் ஆகிவிட்டது, அந்தக் கோணல் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தாடை மூட்டு பார்க்கும் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அவர் செய்த முதல் காரியம், ஒரு சிறிய அளவுகோலை எடுத்து மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வைத்து அளந்தது. 26 மில்லிமீட்டர். பெரியவர்களுக்குப் பொதுவாக 40-க்கு மேல் திறக்க வேண்டுமாம். "வீட்ல பார்க்கணும்னா மூணு விரலை ஒண்ணுமேல ஒண்ணா வச்சுப் பாருங்க, நுழையணும்" என்றார். எனக்கு ஒன்றரை விரல்தான் போனது.

பிறகு என் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வைக்கச் சொல்லி, மெல்ல வாயைத் திறந்து மூடச் சொன்னார். இடப்பக்கம் விரலுக்கடியில் ஓர் எலும்புக் குமிழ் முதலில் சுழன்று, பிறகு முன்னோக்கி வழுக்கியது. வலப்பக்கம் சுழன்றதோடு சரி, வழுக்கவில்லை. கீழ்த்தாடையின் குமிழுக்கும் மண்டையோட்டுக் குழிக்கும் நடுவே ஒரு மெல்லிய வட்டு இருக்கிறது. என்னுடைய வட்டு முன்னால் நழுவிப்போயிருக்கிறது. இத்தனை வருடமாகக் குமிழ் ஒவ்வொரு முறையும் அதன்மேல் தாவி ஏறியிருக்கிறது. அந்தத் தாவல்தான் சொடக்கு. அன்று காலை தாவ முடியவில்லை, பூட்டிக்கொண்டது. பல மாதம் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யும் இதையேதான் சொன்னது.

காது ஏன் வலித்தது என்பதற்கும் விடை கிடைத்தது. தாடை மூட்டுக்கும் காதின் முன்பகுதிக்கும் உணர்வு போவது ஒரே நரம்புக் கிளையில்தான். எங்கிருந்து புகார் வருகிறது என்று மூளைக்குப் பிரித்துத் தெரிவதில்லை. 1934-லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் காதுத் தொல்லையையும் தாடை மூட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அவர் சொன்ன காரணம் பின்னால் நிற்கவில்லை, ஆனால் என்னைப்போல் காதைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களை அவர் நிறையப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, கிளம்பும் நேரத்தில் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "இப்போ உங்க பல்லு எங்க இருக்கு?"

"வாய்க்குள்ளதான் டாக்டர்."

"அது தெரியுது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டியிருக்கா?"

ஒட்டித்தான் இருந்தது. வாயை மூடினால் பல்லும் மூடும் என்றுதான் 38 வயதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லையாம். உதடு மூடியிருக்கும்போதும் பல்வரிசைகளுக்கு நடுவே இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும்தான் பற்கள் தொட வேண்டும். மற்ற நேரமெல்லாம் தொட்டுக்கொண்டே இருந்தால் கன்னத்துத் தசையும் நெற்றிப்பொட்டுத் தசையும் நாள் முழுக்க வேலை செய்கின்றன. என் கன்னத்தில் அவர் விரலை அழுத்தியதும் 'அந்தப் பல்' வலித்தது. பல்லில் இருந்த வலி அல்ல, தசையிலிருந்து பல்லுக்குப் போன வலி.

நான் மெய்ப்புத் திருத்துகிறவள். ஓர் ஒற்று விட்டுப்போனால் எனக்குப் பல் கடிபடும். ஒருமை பன்மை மயங்கினால் இன்னும் கொஞ்சம் கடிபடும். இரவில் நறநறவென்று கடிப்பதை வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். பகலில் கடிப்பதை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதற்குச் சத்தமில்லை. அதோடு நான் வளர்ந்த விதமும் அப்படி. காய்ச்சலோ, கணக்கு வாத்தியாரோ, மாமியாரோ, எதற்கும் அம்மாவிடம் ஒரே மருந்துதான்: "பல்லைக் கடிச்சுக்கிட்டு பொறுத்துக்கடி." நான் அதைச் சொல் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறேன்.

நாக்கை எங்கே வைப்பது என்று பிசியோதெரபிஸ்ட் ஆங்கில எழுத்து ஒன்றைச் சொல்லிப் புரியவைக்கப் பார்த்தார். எனக்கு அது பிடிபடவில்லை. தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'ந்' என்றால் நாக்கு பல்லைத் தொடுகிறது, சரிப்படாது. 'ண்' என்றால் மடிந்து உள்ளே போகிறது, அதுவும் வேண்டாம். 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்தினால் நுனிநாக்கு மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால், ஈறின் மேட்டில் போய் நிற்கிறது. அதுதான் இடம். றன்னகரத்தால் எனக்கு நடந்த நன்மைகளில் இதுதான் பெரியது. நாக்கு அங்கே இருக்க, உதடு 'ம்' என்று மூடியிருக்க, பல் மட்டும் ஒட்டாமல் இருக்க வேண்டும்.

கேட்க எளிது. ஒரு நிமிடத்தில் மறந்துபோகும். கணினித் திரையின் ஓரம், தொலைபேசி, குளியலறைக் கண்ணாடி என்று பல இடங்களில் சிவப்புப் பொட்டு ஒட்டி வைத்தேன். பொட்டு கண்ணில் பட்டால் பல்லைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் பார்த்தபோதெல்லாம் ஒட்டித்தான் இருந்தது. இரண்டாவது வாரம் பொட்டுகள் கண்ணுக்குப் பழகிப்போய்த் தெரியாமலே போயின. நிறத்தை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். ஒருவழியாக அது பழக்கமாவதற்கு ஐந்து மாதம் ஆனது. என் ஆறு வருட வைத்தியத்தில் எதற்கு முதலிடம் என்று கேட்டால் காசு செலவில்லாத இந்தப் பொட்டுக்குத்தான் கொடுப்பேன்.

காசு செலவானவையும் உண்டு. மருத்துவரைக் கேட்காமல், வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவம் எடுக்கும் மென்மையான பல் உறை ஒன்றை நானே வாங்கினேன். ரப்பரைக் கண்ட நாய்க்குட்டிபோல இரவெல்லாம் அதை மென்றிருக்கிறேன். காலையில் வலி இரட்டிப்பு. எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். பிறகு மருத்துவர் அளவெடுத்துச் செய்துகொடுத்த கெட்டியான அக்ரிலிக் பல் உறையை (ஸ்பிளின்ட் என்பார்கள்) இன்றும் இரவில் போடுகிறேன். பல் தேயாமல் காக்கிறது, அதுவரை அதன்மேல் எனக்கு மரியாதை. வலியை அது குறைத்ததா என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் படித்தபோது கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. நாள்பட்ட தாடை வலிக்கு அதில் உறுதியாகப் பரிந்துரைத்தவை பயிற்சிகள், கையால் அழுத்தித் தசையைத் தளர்த்துவது, எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை போன்றவை. கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட் 'பொதுவாக வேண்டாம்' என்ற பட்டியலில் இருந்தது. நான் அதிகம் செலவழித்தது அதற்குத்தான்.

நடுவில் வேறோரிடத்தில், என் கடி சரியாக உட்காரவில்லை, பல்லை ஆங்காங்கே ராவிவிட்டால் எல்லாம் சரியாகும் என்றார்கள். நாற்காலியில் சாய்ந்துகூட விட்டேன். என் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது: "திரும்பப் பெற முடியாத எதையும் முதல்ல செய்யாதீங்க." எழுந்து வந்துவிட்டேன். இந்த மூட்டின் வரலாற்றில் அவசரத்துக்குப் பலியானவர்கள் நிறைய. 1980-களில் நழுவிய வட்டை எடுத்துவிட்டு டெஃப்ளான் கலந்த செயற்கை வட்டு வைத்தார்கள். அது சிதைந்து பலருக்கு எலும்பையே அரித்து, 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அறுவை சிகிச்சை தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சிறுபான்மைதான்.

பூட்டு திறந்தது பயிற்சியில். சிலி நாட்டு பிசியோதெரபிஸ்ட் மரியானோ ரோகபாடோ வகுத்த ஒரு முறை உண்டு: ஆறு பயிற்சி, ஒவ்வொன்றும் ஆறு தடவை, நாளுக்கு ஆறு வேளை. மூன்று வேளைக்குமேல் நான் செய்ததில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாக்கை மேலே ஒட்டியபடியே வாயைக் கொஞ்சமாகத் திறந்து மூடுவது, கழுத்தைப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்துவது என்று எல்லாம் சின்னச் சின்ன அசைவுகள். பார்ப்பவருக்கு நான் எதுவுமே செய்யாததுபோலத்தான் இருக்கும். அதற்குமுன் பதினைந்து நிமிடம் ஈரவெப்ப ஒத்தடம். 26, 29, 29, 31 என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். 31-லேயே ஆறு வாரம் நின்றது. நான்காம் மாதக் கடைசியில் 38. சொடக்கு திரும்பி வரவில்லை. வட்டு பழைய இடத்துக்குப் போகவில்லை, அதன் பின்னாலிருக்கும் திசு நாளடைவில் அந்த வேலைக்குப் பழகிக்கொள்ளும் என்றார்கள்.

வாய் திறந்ததும் வலி போய்விடும் என்று நம்பியிருந்தேன். போகவில்லை. இதைத்தான் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. பூட்டு என்பது நான்கு மாதக் கதை, வலி என்பது வருடக் கணக்கு. சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் வலிக்கும். வலித்த நாளின் இரவில் தூக்கம் வராது. இரண்டாம் வருடம் நான் அதிகம் பேசுவதையே நிறுத்தியிருந்தேன். சிரிப்பு வந்தால் கை தானாகத் தாடைக்குப் போகும். பயந்து அசைக்காமல் வைத்திருந்ததால் தசை இன்னும் இறுகியது. குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் இரவில் எழுதிக் கொடுத்தார்கள். மனச்சோர்வு மாத்திரை எனக்கெதற்கு என்று ஒரு மாதம் பிரிக்காமலே வைத்திருந்தேன். வலி நரம்புகளுக்கும் அதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பார்கள் என்று புரிந்த பிறகு சாப்பிட்டேன். வாய் வறண்டது, தூக்கம் வந்தது. எட்டு மாதம் கழித்து மருத்துவர் சொன்னபடி படிப்படியாக நிறுத்தினேன்.

ஒரு மனநல ஆலோசகரிடமும் ஏழெட்டு முறை போனேன். 'வலி உன் கற்பனை' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. வலி கூடிய நேரங்களை எழுதச் சொன்னார், அவ்வளவுதான். எழுதிப் பார்த்ததில், கடினமானதை மென்ற நாட்களைவிட வேலை கெடு நெருங்கிய நாட்கள்தான் அதிகம் இருந்தன. தோளுக்கும் காதுக்கும் நடுவே தொலைபேசியை இடுக்கிக்கொண்டு பேசிய நாட்களும், குப்புறப் படுத்த இரவுகளும் அடுத்தடுத்து வந்தன. சூயிங்கத்தை முதல் நாளே விட்டிருந்தேன். பெரிய பழத்தைக் கடிக்காமல் துண்டு போட்டுக்கொள்கிறேன். கொட்டாவி வந்தால் நாக்கை மேலே ஒட்டி, கை முஷ்டியை மோவாய்க்கு அடியில் முட்டுக் கொடுத்துவிடுவேன். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆழ்ந்த சிந்தனைபோலத் தெரியும், அதில் ஒரு லாபம்.

ஒன்றை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தலைவலியும், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்து வலிப்பதும், பார்வை மங்குவதும் சேர்ந்து வந்தால் அது மூட்டு விவகாரமாக இல்லாமல் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம்; அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நடந்தால் தாடை வலித்து நின்றால் குறைகிறது என்றால் இதயத்தைப் பார்க்க வேண்டும். திடீரென்று தாடையில் வலி வந்து, கூடவே நெஞ்சு அழுத்தமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும். என் மருத்துவர் முதல் நாளே இதையெல்லாம் கேட்டு விலக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

போன மாதம் ஒரு பல்லை அடைக்க வேண்டியிருந்தது, கீழ்வரிசையில். ஆறு வருடமாகத் தள்ளிப்போட்டு வந்த பயம் அதுதான்: மல்லாந்து படுத்து, முக்கால் மணி நேரம் வாயைப் பிளந்துகொண்டிருப்பது. போவதற்குமுன் பல் மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாயை நானாகத் தசையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று எதிர்ப்பக்கப் பற்களுக்கு நடுவே ஒரு ரப்பர் கட்டை வைத்தார். கை தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று பேசிக்கொண்டோம். ஐந்து முறை தூக்கினேன், ஐந்து முறையும் நிறுத்தினார். வீட்டுக்கு வந்ததும் ஒத்தடம், இரண்டு நாள் மெல்ல வேண்டாத சாப்பாடு, பேச்சும் குறைவு. முதல் நாள் இரண்டு விரல்தான் போனது. அடுத்த நாளும் அப்படியே. பழைய பயம் எட்டிப் பார்த்தது. நோட்டை எடுத்து 31-லேயே நின்ற அந்த ஆறு வாரத்தைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன். நான்காம் நாள் காலை, பல் துலக்குவதற்குமுன், மூன்று விரலும் நுழைந்தன.