பனிச்சரிவுக்குக் கீழே ஒரு செப்புச் சுரங்கம்: என் நாட்குறிப்பு

பிப்ரவரி 9
மூன்று நாளாக விடாத பனி. சுரங்க வாய்க்குப் போகும் சாலையை மூடிவிட்டோம். துளையிடும் இயந்திரங்களுக்கு ஓய்வு, பனிச்சரிவைக் கணிக்கும் எனக்கு மட்டும் வேலை கூடிவிட்டது. சரிவின் ஓரத்தில் குழி தோண்டிப் பார்த்தேன். மேலே 60 செ.மீ. புதுப்பனி, பலகை போல இறுகிக் கிடக்கிறது. அதற்கு அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பழைய படிகங்கள். மண்வெட்டியை மேலே வைத்துத் தட்டினேன். 12ஆவது தட்டில் மேலடுக்கு அப்படியே வழுக்கி என் மடியில் விழுந்தது.

பிப்ரவரி 12
வானம் தெளிந்தது. பனி தானாகச் சரியுமுன் நாங்களே சரித்துவிட ஹெலிகாப்டரிலிருந்து 7 வெடி போட்டோம், 4 இடத்தில் சரிந்தது. கடைசியாகச் சரிந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு, 'இதைத் தாண்டாது' என்று எழுதியவனே நான்தான். அது தாண்டிவிட்டது. தொழிலாளர் விடுதிக்கு முளையடித்து வைத்திருந்த இடத்தில் இப்போது முளைகளே இல்லை.

பிப்ரவரி 13
கூட்டம். விடுதியைப் பள்ளத்தாக்கின் கீழே கொண்டுபோனால் ஒவ்வொரு ஷிப்டுக்கும் அரை மணி நேரம் பஸ்ஸில் வீணாகும் என்றார்கள். சரிதான். தாது கிடக்கும் இடம் மலையின் இஷ்டம், ஆனால் ஆள் படுக்கும் இடம் நம் இஷ்டம்தானே என்றேன். முடிவு எதுவும் இல்லை.

பிப்ரவரி 18
1965இல் இதே நாளில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கிராண்டக் செப்புச் சுரங்க முகாமைப் பனிச்சரிவு மூடியது. 26 பேர் இறந்தார்கள். ஒரு தச்சரை மட்டும் மூன்று நாளுக்குப் பிறகு உயிரோடு எடுத்தார்கள். சிலியில் எல் தெனியெந்தே சுரங்கத்தின் சீவெல் ஊரில் 1944 ஆகஸ்டில் 102 பேர். அதே சிலியில் ஆண்டினா சுரங்கத்தின் தாது ஆலையை மலைக்குள்ளேயே குடைந்து வைத்தார்கள். இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன்.

பிப்ரவரி 20
விடுதி கீழே போகிறது! சமையல்காரருக்குத்தான் கோபம், பாத்திரங்களை மறுபடி கட்ட வேண்டுமாம்.

பிப்ரவரி 21
வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் பலகையிலிருந்து தன் பித்தளை வில்லையை எடுத்துப்போய், திரும்பியதும் மாட்ட வேண்டும். ஷிப்டு முடிந்து பலகையைப் பார்த்தால் ஒரு வில்லை திரும்பி வரவில்லை. தேடுகருவி, கம்பு, மண்வெட்டி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். பனிக்கு அடியில் முதல் 15 நிமிடம்தான் நம் கையில். அப்புறம் ரேடியோவில் தகவல்: ஆள் பஸ்ஸின் கடைசி சீட்டில் தூங்குகிறார், வில்லை சட்டைப்பையில். திட்டத் தயாராகத்தான் போனேன். அவர் முழித்து, "ஊர் வந்துவிட்டதா?" என்று கேட்டார்.