சித்தியின் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்

நேற்று சித்தி லேப் ரிப்போர்ட்டை நீட்டினார். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு 162, தடித்த எழுத்தில். "முட்டை மஞ்சள்கருவைக்கூடத் தொடுறதில்லையே!" என்றார் பாவமாக. பக்கத்து வீட்டு அக்கா நெய்யை நிறுத்தச் சொன்னாராம். நெய் வாங்கியே மாதமாகிறது.

சித்தி மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்று வருடம் டமாக்சிபென் மாத்திரை சாப்பிட்டவர். இப்போது லெட்ரோசோல். விஷயம் அங்கேதான். டமாக்சிபென் கல்லீரலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடந்துகொண்டு கெட்ட கொழுப்பைக் குறைத்து வைக்கும். லெட்ரோசோலுக்கு அந்தக் குணம் கிடையாது. ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே அது தடுக்கும். அதனால் மாத்திரை மாறியதும் கொலஸ்ட்ரால் ஏறுவது பலருக்கும் நடப்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. உடம்பு கொலஸ்ட்ராலிலிருந்து 27-ஹைட்ராக்சிகொலஸ்ட்ரால் என்றொரு பொருளை உண்டாக்குகிறது. அது ஈஸ்ட்ரோஜன் வேஷம் போட்டுக் கட்டியை வளர்ப்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் எலிகளில் காட்டினார்கள். எலிகளில்தான். மனிதர்களிடம் ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் மார்பகப் புற்றுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. இதைச் சித்தியிடம் சொல்லவில்லை, தூக்கம் போய்விடும்.

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம். அதுவரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று மட்டும் மூன்று முறை சொல்லிவிட்டு வந்தேன்.