குடலையில் போட்ட யூரியா

ஏழாம் வாரத்தோடு யூரியாவை நிறுத்துங்கள் என்பது நெல்லுக்கு, கமக்காரருக்கு ஆலோசனை சொல்லும் நாங்கள் சொல்லும் பாலபாடம். குளத்துப் பாய்ச்சல் வயலில், மூன்றரை மாத நெல்லுக்கு, ஏக்கருக்கு மொத்தம் 90 கிலோ: இரண்டாம் வாரம் 20, நாலாம் வாரம் 30, ஆறாம் வாரம் 26, ஏழாம் வாரம் 14. மிஞ்சுவதை அடுத்த போகத்துக்குச் சேர்த்துவையுங்கள் என்றும் ஒரு கமக்காரரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. ஒன்றுதான் கேட்டார்: "அடுத்த போகத்துக்கும் பசளை வருமெண்டு எழுதித் தருவியளே தம்பி?"

2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடை நீங்கும்போது காலபோக (மாரிகால நெல்) விதைப்பு நடந்துகொண்டிருந்தது. மட்டம் வெடிக்காமல், பக்கக் கன்று விடாமல், மஞ்சளித்து நின்ற வயலை வன்னியில் பார்க்காதவர் இல்லை. அடுத்த காலபோகத்தில் யூரியா கைக்கு வந்தபோது வரம் கிடைத்ததுபோலத்தான் இருந்தது.

மிஞ்சிய ஒரு அந்தரையும் (ஏறக்குறைய 50 கிலோ) அவர், கதிர் தண்டுக்குள் பொதிந்து நிற்கும் குடலைப் பருவத்தில் எறிந்தார். வயல் கரும்பச்சையாக எழும்பியது. வரம்பால் போனவர்கள் மெச்சினார்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலை மெதுமையாகும், பயிர் அடர்ந்து அடியில் காற்றோட்டம் அற்றுப்போகும். மார்கழிப் பனி அந்த இலைகளில் நெடுநேரம் காயாமல் நிற்கும். எரிபந்தம் என்ற பூஞ்சண நோய்க்கு வேறென்ன வேண்டும்? இலையில் கண்வடிவப் புள்ளியோடு நின்றால் தப்பலாம். கதிரின் கழுத்தைப் பிடித்தால் மிச்சம் பதர்தான்.

தண்டில் சாறு உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி இன்னும் மோசம். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தூரை விரித்துப் பாருங்கள்: தண்ணீருக்குச் சற்று மேலே, தண்டோடு அப்பியபடி கபிலநிறப் பூச்சிகள். தட்டினால் தண்ணீரில் விழுந்து திரும்பத் தண்டில் ஏறும். வட்டம் வட்டமாகப் பயிர் கருகிய பிறகுதான் வரம்பில் நிற்பவர் கண்ணுக்குப் படும். பதற்றத்தில் கடையில் கிடைத்த பைரெத்ராய்டு மருந்தை அடித்தால் அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும்; அறக்கொட்டி பெருகும். தண்ணீரை வடித்து, பயிருக்கிடையே வழி பிரித்து, காற்றும் வெயிலும் தூருக்குப் போகவிடுவதுதான் முதல் வேலை. அவர் அதைச் செய்தார். ஒரு பக்கம் தப்பியது; மற்றப் பக்கம் சாய்ந்து, அறுவடை மெசின் இறங்க முடியாமல் போனது.

சம்பரனோடு நடந்த போரில் உதவியதற்காகத் தசரதன் கைகேயிக்குக் கொடுத்த வரங்கள் இரண்டு. அன்றைக்கே கேட்டிருந்தால் அயோத்திக்கு ஒன்றும் ஆகியிராது. சேர்த்துவைத்து, இராமனுக்கு முடிசூட்டும் நேரத்தில் கேட்டதால்தான் அவை தசரதனின் உயிரைக் குடித்தன. வரத்தில் குற்றமில்லை, நேரம்தான் பிழை என்று இதை வைத்து எனக்கு நானே சமாதானம் சொல்வதுண்டு. ஆனால் கைகேயி வரத்தைச் சேர்த்துவைத்தாள். நான் அவரிடம் சொன்னதும் சேர்த்துவைக்கத்தானே! அவரோ வைத்திருக்கப் பயந்தார். அந்த இடத்தில் கதை எனக்குக் கைகொடுப்பதில்லை.

யூரியா ஈரத்தை இழுக்கும். தகரக் கொட்டிலில் வாய் திறந்த பை மாரிக்குள் கட்டிபட்டுவிடும். உட்பையை இறுக்கிக் கட்டி, நிலத்தில் படாமல் பலகை மேலே, சுவரில் முட்டாமல் வைத்தால் அடுத்து வரும் சிறுபோகம் வரை கிடக்கும். இதையும் அன்றைக்கே சொன்னேன். தலையாட்டினார். ஒரு போகம் பசளையில்லாமல் கடன்பட்ட மனிதருக்கு அந்தப் பலகையில் எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.