ஜூலைக் குளிரில் கவாத்து

தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில், தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்தும் ஒயின் பண்ணையில் வேலை பார்த்தேன். சுற்றுலாக்காரர்கள் மார்ச் அறுவடைக்குத்தான் வருவார்கள். படமெடுக்கத் தோதான காலம். ஆனால் அந்தப் பண்ணையின் பெயர்பெற்ற ஷிராஸ் சிவப்பு ஒயின் ஜூலைக் குளிரிலேயே, திராட்சைக் கொடிகளை வெட்டிவிடும் கவாத்தின்போதே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கட்சி.

இளங்கொடிகளுக்கு இயந்திரம் போதும். நூறு வயது தாண்டிய கொடிகளுக்குக் கைதான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒன்றில் கற்ற பாடம் அடுத்ததற்கு உதவாது. சென்ற ஆண்டுத் தண்டில், துளிர் விடும் கண்களில் இரண்டை மட்டும் விட்டு வெட்ட வேண்டும். ஆசைப்பட்டுக் கூடுதலாக விட்டால் குலைகள் பெருகிச் சாறு நீர்த்துவிடும். பழைய கிளையில் பெரிய காயம் பட்டாலோ, யூட்டைப்பா என்ற பூஞ்சை அதன் வழியே நுழைந்து வருடக்கணக்கில் உள்ளிருந்தே கொல்லும். அதனால் மழை நாளில் கத்தரியைத் தொட முதலாளியம்மா விடமாட்டார். பெரிய வெட்டுகளுக்கு உடனே மருந்துப் பசை பூச வேண்டும். தேனி மாவட்டக் கம்பத்தின் திராட்சைப் பந்தல்களில் இரண்டு ஆண்டுக்கு ஐந்து அறுவடை பார்த்து வளர்ந்த எனக்கு, இத்தனை கொஞ்சம் பழத்துக்கு இவ்வளவு பாடா என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

இந்தப் பழைய கொடிகள் பிழைத்திருப்பதே பெரிது. 19ஆம் நூற்றாண்டில் வேரைத் தாக்கி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்சரா பூச்சி இந்த மாநிலத்துக்குள் வரவில்லை. அதனால் ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பூச்சி செய்யாததை அரசு செய்யப் பார்த்தது. 1980களில் திராட்சை தேங்கி விலை விழுந்தபோது, கொடிகளைப் பிடுங்கியவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அருமையான பழைய தோட்டங்கள் பல அப்படிப் போயின. இந்தக் குடும்பம் அந்தப் பணத்தை வாங்கவில்லை. விளம்பரத் தாள் இதை மண்ணின் மீதான காதல் என்கிறது. முதலாளியம்மா சொன்ன கதை வேறு: வீட்டில் எல்லோரும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்களாம், மாமனார் ஒருவர்தான் பிடிவாதமாக மறுத்தாராம்.

2009 முதல் பரோசாவில் கொடிகளுக்கு வயதுப் படிநிலை உண்டு: 35, 70, 100, 125 ஆண்டுகள். கடைசிப் படிக்கு ‘மூதாதை’ என்று பெயர். படி ஏறினால் மதிப்பும் ஏறும். கவாத்துக்காரருக்கு எந்தப் படியானாலும் அதே மணிக்கூலி.

நான் கிளம்பும் சமயம், பழைய கொடிகளுக்கும் இயந்திரம் விடலாம் என்று மகன் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. அம்மா தாளைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.